மூடினால் தூங்குமா?

மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு ரயிலேறுகிறார் ஒருவர். ஊர் போய்ச் சேர்ந்து வெளியே எடுத்தால் கை சுடுகிறது, பேட்டரியில் பாதியைக் காணோம். அது லினக்ஸ் கணினி என்றால் பழி உடனே லினக்ஸ் தலையில் விழும். பல சமயம் அது வீண்பழி.

நினைவகத்துக்கு மட்டும் மின்சாரத்தை விட்டுவைத்து மற்றதையெல்லாம் அணைப்பதுதான் கணினியின் உண்மையான தூக்கம். 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து வகுத்த ஏசிபிஐ என்ற மின்மேலாண்மை விதிகளில் அதன் பெயர் எஸ்3. இதில் சாதனங்களை ஒவ்வொன்றாக அடக்கிவைப்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வேலை. கடைசி விளக்கை அணைப்பதோ, பயாஸ் போலக் கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். 2012-ல் வந்த விண்டோஸ் 8, செல்போன் போலக் கணினியும் அரைத்தூக்கத்தில் இணையத்தோடு இருக்கலாம் என்றது. பிறகு வந்த பல மடிக்கணினிகளின் ஃபர்ம்வேரில் எஸ்3-யே இல்லை.

எஸ்3 முடியாமல் போனதல்ல, வேண்டாமென்று விட்டது. 2018-ன் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மடிக்கணினி எஸ்3 இல்லாமல்தான் வந்தது. லினக்ஸ்காரர்கள் முணுமுணுத்த பிறகு, அதே ஆண்டில் வந்த பயாஸ் அப்டேட்டில் தூக்க முறைக்கு ‘விண்டோஸ் 10’, ‘லினக்ஸ்’ என்று இரண்டு தேர்வுகள் முளைத்தன. சிப் அதேதான்.

தம் கணினி எந்த ரகம் என்று பார்க்க ‘மெம்_ஸ்லீப்’ என்ற சின்னக் கோப்பைத் திறந்தால் போதும். உள்ளே ‘எஸ்2ஐடில்’ (அரைத்தூக்கம்), ‘டீப்’ (எஸ்3) போன்ற சொற்கள் இருக்கலாம். நடப்பில் உள்ளதைச் சதுர அடைப்பு சுற்றியிருக்கும். ‘டீப்’ இல்லையென்றால் கெர்னலை எத்தனை முறை கம்பைல் செய்தாலும் அது வரப்போவதில்லை.

கம்பைல் செய்யும் முன் நிரப்பும் கெர்னல் கன்ஃபிக் பட்டியலில் ‘சஸ்பெண்ட்’ வரிக்கு ‘ஒய்’ போடுவது சுலபம். அதற்குப் பின்னால் ‘ஆர்க்_சஸ்பெண்ட்_பாசிபிள்’ என்ற மறைவான வரி ஒன்று உண்டு. இந்தச் சிப் குடும்பத்தில் தூக்கம் சாத்தியம் என்பதற்கு மேல் அது எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. 64 பிட் ஆர்ம் சிப்கள் பெரும்பாலும் பிஎஸ்சிஐ என்ற இடைமுகம் வழியாகவும், சென்னை ஐஐடியின் சக்தி சிப் சேர்ந்த ரிஸ்க்-ஃபைவ் குடும்பம் எஸ்பிஐ என்ற இடைமுகம் வழியாகவும் ஃபர்ம்வேரிடம்தான் கேட்டாக வேண்டும். ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினிக்கு ஆழ்ந்த தூக்கமே கிடையாது. கெர்னலில் ஐபிஎம் மெயின்பிரேமுக்கென இருந்த உறக்க நிரலோ பல ஆண்டுகளாகப் பழுதாகியே கிடந்தது. யாருக்கும் தேவைப்படவில்லை என்று 2020-ல் நீக்கிவிட்டார்கள். மெயின்பிரேமை யார் தூங்கவைக்கப் போகிறார்கள்!

மடிக்கணினியின் கதை அப்படியல்ல. பெட்டியின் மேல் ரேம் எத்தனை ஜிபி, திரை எத்தனை அங்குலம் என்று அச்சிடுகிறவர்கள், எஸ்3 உண்டா இல்லையா என்று ஒரு வரி சேர்க்கலாம். பயாஸில் அந்தத் தேர்வையும் வாங்கியவரிடமே விட்டுவிடலாம்.