ஃபார்வர்டு செய்வது பேச்சாகிவிடாது

‘சமூக ஊடகம் தேர்தல் விவாதத்தை ஜனநாயகமாக்கிவிட்டது, கரிசல்காட்டுச் சம்சாரிக்கும் இன்று கட்சித் தலைவருக்குச் சமமான குரல் கிடைத்திருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார் நண்பர். எங்கள் கோவில்பட்டியையே அதற்குச் சாட்சிக்கு இழுத்திருப்பதால் சொல்கிறேன்: இது அப்பட்டமான பொய்.

சம்சாரி கையில் போன் இருக்கிறது. அதில் வருவதை யார் எழுதுகிறார்கள்? கட்சிகளின் ஐடி விங். எங்கோ தயாரான வீடியோ சாதிக்கொரு வாட்ஸ்அப் குரூப் வழியாக ஊருக்குள் இறங்குகிறது. மானாவாரி உளுந்து அழுகிப்போச்சு, காப்பீட்டுப் பணம் வரலை என்று அவர் அதே குரூப்பில் போட்டால், பதில் சொல்ல எந்த வேட்பாளரும் அங்கே இல்லை. தீப்பெட்டித் தொழிலையே பாருங்கள். அதற்குப் போட்டியாக வந்த, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. உற்பத்தியாளர்கள் கொடுத்த மனுக்களும், 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மத்திய அரசுக்கு எழுதிய கடிதமும் அதற்கு வழி போட்டன. ட்ரெண்டிங் அல்ல.

‘பொய்யை அதே ஊடகம் திருத்திவிடும்’ என்கிறார் நண்பர். எப்போது திருத்தும்? 2016 சட்டமன்றத் தேர்தலில் கோவில்பட்டியின் வெற்றி வித்தியாசம் 428 வாக்குகள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் மேடையும் மைக்கும் சட்டப்படி ஓய்ந்துவிடும், வாட்ஸ்அப் ஓயாது. அந்த நேரத்தில் நாலு ஊரில் பரவும் ஒரு சாதி வதந்தி போதும், 428 ஓட்டைப் புரட்ட. மறுப்பு வருவதற்குள் இயந்திரத்துக்குச் சீல் வைத்திருப்பார்கள். மேடையில் ஒருவர் புளுகினால் மறுநாள் அதே இடத்தில் மேடை போட்டு மறுக்கலாம். மூடிய குரூப்பில் தன்னைப் பற்றி என்ன ஓடுகிறது என்பதே பழிக்கு ஆளானவருக்குத் தெரியாது. அதே 2016இல் இங்கே போட்டியிடுவதாக அறிவித்த வைகோ, சாதி மோதலைத் தூண்டச் சதி நடக்கிறது என்று சொல்லி விலகிக்கொண்டார். அப்படிப்பட்ட தொகுதியில் வதந்தியைக் கருத்துச் சுதந்திரம் என்று கொண்டாடுவது பொறுப்பற்ற செயல்.

தேர்தல் ஆணைய விதிகளைக் காட்டுகிறார் நண்பர். 2013 முதல் சமூக ஊடக விளம்பரத்துக்கு முன் அனுமதி வேண்டும். போலி வீடியோவைக் கட்சிகள் 3 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் சொன்னது. தனி ஆள் செய்யும் ஃபார்வர்டை இவை எட்டுவதில்லை. 2018இல் வாட்ஸ்அப் வைத்த ‘ஐந்து சாட்’ வரம்பும் அப்படித்தான். அந்த ஐந்தும் ஐந்து குரூப்பாக இருக்க அப்போது தடையில்லை.

கரிசல் சனங்களே, அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரை ஊர் மந்தையில் நிறுத்துங்கள். பயிர்க் காப்பீட்டையும் தீப்பெட்டி ஆபீஸ் கூலியையும் முகத்துக்கு நேரே கேளுங்கள்.