ஸ்கூல் போகாமலே 10-ம் வகுப்பு பாஸ் ஆகலாமா? என்ஐஓஎஸ்-ல் வழி இருக்கு.. ஆனா எங்கே கோட்டை விடுறாங்க?

"பத்தாவதுல கணக்கு போச்சு, அதோட விட்டுட்டேன்." இப்படிச் சொல்லும் ஒருவராவது எல்லாத் தெருவிலும் இருப்பார். ஒருபக்கம், 35 வயதில் வேலைக்காக சர்டிபிகேட் தேடும் இவர்கள். மறுபக்கம், ஸ்கூல் டென்ஷனே வேண்டாம், பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம் என்று முடிவெடுக்கும் பெற்றோர். இந்த ரெண்டு பேரும் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்.

இது டுடோரியல் இல்லையா?

இல்லை. 1989-ல் மத்திய அரசு தொடங்கியது. சிபிஎஸ்இ மாதிரி இதுவும் ஒரு போர்டு. 10-ம் வகுப்புக்கு 14 வயது, 12-ம் வகுப்புக்கு 15 வயது நிறைந்திருந்தால் போதும். அதற்கு மேல் வயது வரம்பே கிடையாது. பாட்டியும் பேரனும் ஒரே தேர்வை எழுதலாம்!

குறைந்தது ஒரு மொழிப்பாடம் உட்பட 5 பாடங்களில் பாஸ் ஆக வேண்டும். கணக்கு கட்டாயம் இல்லை. வேறு போர்டில் ஏற்கெனவே பாஸான 2 பாடங்கள் வரை இங்கே மாற்றிக்கொள்ளலாம். 10-ம் வகுப்பைத் தமிழ்வழியிலும் எழுதலாம். இங்கே 12-ம் வகுப்பு முடித்தவர்கள் நீட் எழுதலாமா என்ற நீண்டநாள் வழக்கும் 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது.

வீட்டிலேயே படிக்க வைப்பது சட்டப்படி சரியா?

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. ஹோம் ஸ்கூலிங் பற்றியும் அதில் ஒரு வரிகூட இல்லை. இந்த இடைவெளியில்தான் பலர் வண்டி ஓட்டுகிறார்கள்.

அப்போ சிக்கல் எங்கே?

ஒருமுறை பதிவு செய்தால் 5 வருஷம் செல்லும், அதற்குள் 9 முறை தேர்வு எழுதலாம். கேட்க வசதியாகத்தான் இருக்கு. எங்கள் பார்வையில் பலர் சறுக்குவதும் இங்கேதான். மணி அடிக்காது, ஹோம்வொர்க் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். "ஏப்ரல் போனா அக்டோபர்" என்று தள்ளித்தள்ளியே வருஷம் ஓடிவிடும். அசைன்மென்ட்டுக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு. அதைக்கூடக் கடைசி நாளில் காசு கொடுத்து எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேலைக்குப் போகிறவருக்கு ராத்திரி 3 மணி நேரம் உட்காருவது நடக்காது. தினமும் ஒரே நேரத்தில் அரைமணி நேரம் நடக்கும். அதையும் திரும்பத்திரும்ப வாசிப்பதில் செலவிடாதீங்க. புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதிப் பாருங்க. 2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் நடத்திய ஆய்வில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. பிள்ளைக்கும் அப்பாவுக்கும் இது ஒன்றுதான். ரெண்டு பேரும் மாறிமாறிக் கேள்வி கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

"எழுத வேண்டாம், பாஸ் கேரண்டி" என்று போஸ்டர் ஒட்டும் இடைத்தரகர்களிடம் மட்டும் பணம் கட்டாதீங்க. பதிவை என்ஐஓஎஸ் இணையதளத்தில் நீங்களே செய்யலாம். மாநில போர்டு சர்டிபிகேட்தான் வேண்டும் என்றால், அரசுத் தேர்வுகள் சேவை மையம் மூலம் தனித்தேர்வராக விண்ணப்பிக்கலாம். 8-ம் வகுப்புத் தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும்.