மட்டி விதை யார் கையில்?



நடவு இல்லாத நாளில் வெள்ளாற்று முகத்துவாரச் சேற்றைத் துழாவி நம் வீட்டுப் பெண்கள் எடுத்துவரும் மட்டியை இன்று பெரிய வளர்ப்புத் தொழில் என்கிறார்கள். 2020ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டம் பொதுப் பிரிவுக்கு 40 சதம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 60 சதம் மானியம் என்கிறது. 2023ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தையும் திருத்தி, மட்டி வளர்ப்பை அதில் சேர்த்தாச்சு. சந்தோஷம். விதை எங்கே என்று கேட்டால்தான் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

நெல்லுக்கு நாற்றங்கால்போல மட்டிக்குக் குஞ்சு பொரிப்பகம். முற்றிய தாய் மட்டிகளைத் தொட்டியில் போட்டு, தண்ணீர்ச் சூட்டைச் சில டிகிரி ஏற்றினால் ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரிலேயே விடும். முட்டை லட்சக்கணக்கில் விழும். கரு சில மணி நேரத்தில் நீந்தும். ஒரு நாளில் ஓடு வந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் பாதி நிலா மாதிரி இருக்கும். அப்புறம் ஒன்றிரண்டு வாரம் நீந்திக்கொண்டே நுண்பாசி தின்னும். கண்டம் அங்கேதான். பாசி குறைந்தாலும் போச்சு, கிருமி கூடினாலும் போச்சு. தப்பியதுதான் கால் முளைத்து அடியில் இறங்கும். சில மில்லிமீட்டர் ஆகும்வரை காத்து, ஆற்றில் விட்ட பிறகும் வலை போட்டு மூடணும். இல்லாவிட்டால் நண்டு மிச்சம் வைக்காது.

பாசி வளர்க்கத் தனி அறை, சுத்தமான கடல்நீர், நிற்காத கரண்ட் எல்லாம் நாலு ஏக்கர்காரன் தனியாகத் தேடமுடியுமா? ஆனால் நடக்காத காரியமும் இல்லை. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1980களிலேயே மட்டிக் குஞ்சு பொரித்துக் காட்டினார்கள். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் பொரிப்பகக் குஞ்சுகளை விட்டிருக்கிறார்கள். நம் ஆற்றுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

இறாலில் பட்டது போதாதா? 2009ல் வன்னாமிக்கு அனுமதி கொடுத்தார்கள். தாய் இறால் வெளிநாட்டிலிருந்து, குஞ்சு கம்பெனிப் பொரிப்பகத்திலிருந்து, விலை அவர்கள் சொன்னது. மட்டி விதையும் அந்தக் கைக்குப் போய்விட்டால், மானியம் நம் பேரில் வந்து அவர்கள் பையில்தான் விழும்.

நாம் கேட்பது இதுதான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அரசே பொரிப்பகம் கட்டி, அடக்க விலைக்குக் குஞ்சு தரவேண்டும். மட்டிப் படுகையைத் தனியாருக்கு ஏலம் விடாமல், மட்டி எடுக்கும் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை பொடி மட்டியைச் சுண்ணாம்புக்கு அள்ளுவதை நாமும் நிறுத்துவோம். இதில் நம்மேலும் தப்பு உண்டு.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். வீட்டுக்கு ஒருவர் வாங்க, மட்டி எடுக்கும் பெண்கள் முன்வரிசையில் நிற்கணும்.