வாலஸுக்கு விழுந்த கறுப்பு ஓட்டு

தேர்தல் முடிந்த மறுவாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் கல்லூரித் தம்பி ஒருவன் கொதித்துப்போய்ப் பேசினான். "நம்ம சனம் திருந்தாதுண்ணே. அடிச்சவனுக்கே போய்க் குத்திட்டு வந்திருக்கு. ஒரு குவார்ட்டருக்கு வித்துட்டாங்க." பலரும் தலையாட்டினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அந்தத் தம்பிக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அதற்கு அமெரிக்காவின் அலபாமா வரைக்கும் போய்வர வேண்டும்.

1982 நவம்பரில் அங்கே ஆளுநர் தேர்தல். அந்த ஊர் ஆளுநர் டெல்லியிலிருந்து இறக்கிவிடப்படுகிறவர் இல்லை. சனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர், நம்மூர் முதலமைச்சர் மாதிரி. ஜெயித்தவர் ஜார்ஜ் வாலஸ். 1963 ஜனவரியில் பதவியேற்றபோது நிறப்பிரிவினை என்றென்றைக்கும் நிலைக்கும் என்று முழங்கிய அதே வாலஸ். அந்த ஜூன் மாதம் இரண்டு கறுப்பு மாணவர்கள் சேர வந்தபோது பல்கலைக்கழக வாசலை மறித்து நின்றவர். 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களின் மண்டையை உடைத்தது அவருடைய மாநிலப் போலீஸ்.

1982இல் அந்த மனுசனுக்குக் கறுப்பர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஓட்டுப் போட்டார்கள் என்கிறது கணக்கு. எந்தெந்த ஊர்கள் என்று பார்த்தால் இன்னும் திகைப்பாக இருக்கும். அலபாமாவின் நடுவில் குறுக்கே ஓடும் பகுதிக்குக் 'கறுப்புப் பட்டை' என்று பெயர். மண்ணைப் பார்த்து வைத்த பெயர் அது. பருத்தி விளையும் கரிசல். அந்தப் பருத்தியைப் பறிக்க அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே பெரும்பான்மை. டஸ்கீகி அங்கேதான் இருக்கிறது. 1957இல் நானூறு கறுப்பு வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர எல்லோரையும் ஊருக்கு வெளியே தள்ளுவதற்காக, சதுரமாக இருந்த நகர எல்லையையே 28 பக்கம் கொண்ட உருவமாக வெட்டினார்கள். உச்சநீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஊர் வேறு சேரி வேறு என்று கோடு கிழிப்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்திலேயே லவுண்ஸ் கவுண்டி. நம் வட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. ஐந்தில் நாலு பேர் கறுப்பர்கள். ஆனால் 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர் பெயர்கூடக் கிடையாது. அடுத்த ஆண்டே அந்தச் சனங்கள் தங்களுக்கென்று ஒரு கட்சி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அங்கேயும் ஓட்டுச்சீட்டில் சின்னம் உண்டு. வாலஸின் ஜனநாயகக் கட்சிக்கு வெள்ளைச் சேவல். 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்ற வாசகமும் 1966 வரை அதோடு அச்சாகி வந்தது. அந்தச் சேவலுக்கு எதிராக லவுண்ஸ்காரர்கள் வைத்த சின்னம் கருஞ்சிறுத்தை. அங்கிருந்து ஓக்லாந்து எடுத்துக்கொண்டது. ஓக்லாந்திலிருந்து 1972இல் மும்பை எடுத்துக்கொண்டது. மும்பையிலிருந்து நம் சேரிச் சுவர்களுக்கு வந்தது. நாம் மார்தட்டும் சிறுத்தை பிறந்த அந்த மண்ணும் 1982இல் வாலஸ் பக்கம்தான் நின்றது.

அவர்களும் குவார்ட்டருக்கு வித்துவிட்டார்களா?

வெள்ளைப் பத்திரிகைகளுக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. 1972இல் சுடப்பட்டு வாலஸின் கால்கள் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலியில் கறுப்பர் தேவாலயங்களுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர்களும் மன்னித்துவிட்டார்களாம். செல்மா பாலத்தில் அடிவாங்கிய ஜான் லூயிஸ், 1998இல் வாலஸ் இறந்தபோது அவரை மன்னித்ததாக எழுதினார். அடிபட்டவர் அவர், அது அவர் உரிமை. ஆனால் அத்தனை லட்சம் பேரின் ஓட்டையும் மன்னிப்பு என்று எழுதிவிட்டால் அடித்தவனுக்குத் தூக்கம் நன்றாக வரும், அவ்வளவுதான்.

எதிரே நின்றது யார் என்று பாருங்கள். மாண்ட்கமரி மேயர் எமரி ஃபோல்மர், குடியரசுக் கட்சிக்காரர். இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்தவர். அவருடைய போலீஸின் கெடுபிடியை மாண்ட்கமரிக் கறுப்பர்கள் அன்றாடம் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். மாநிலத்தில் வேலையில்லாக் கொடுமை வேறு உச்சத்தில். வாலஸ் ஆட்சியில் இலவசப் பாடநூல் வந்தது, தொழிற்கல்லூரிகள் வந்தன என்பதும் அந்தச் சனங்களுக்கு நினைவிருந்தது. ஜனத்தொகையில் கால்வாசிப் பேர் அவர்கள். தங்கள் ஆளை நிறுத்தித் தாங்களே ஜெயிக்கவைக்க முடியாது. இரண்டு வெள்ளையரில் எவன் என்பது மட்டுமே அவர்கள் கையில் இருந்தது. 1932இல் பூனாவில் அம்பேத்கரிடமிருந்து பிடுங்கப்பட்டது எது என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சுவர் புதிதல்ல. பொதுத் தொகுதியில் சிறுபான்மை தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதில்லை. அடுத்தவர் நிறுத்திய இருவரில் ஒருவரைத் தள்ளிவிடுகிறது.

1963 வாலஸுக்கும் 1982 வாலஸுக்கும் நடுவில் என்ன நடந்தது? மனசு மாறியதோ இல்லையோ, 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. முதலில் கறுப்பு ஓட்டு அவருக்குத் தேவையில்லை. பிறகு அது இல்லாமல் கரையேற முடியாது. அந்தப் பயத்தை அவருக்குள் வைத்தது செல்மாவில் சிந்திய ரத்தம். கடைசி ஆட்சியில் இரண்டு கறுப்பர்களை அமைச்சரவையில் சேர்த்தார். முன்னெப்போதும் இல்லாத எண்ணிக்கையில் அரசுப் பதவிகளுக்குக் கறுப்பர்களை நியமித்தார். ஓட்டின் விலையை ஓரளவு வசூலித்துவிட்டார்கள் என்றே சொல்வேன்.

கேள்வியே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே செப்டம்பரில் கட்சிக்குள் நடந்த முதல்கட்டத் தேர்தலில் ஜார்ஜ் மக்மில்லன் என்ற மிதவாதி இருந்தார். கறுப்பர் அமைப்புகள் அவரை ஆதரித்தன. கொரெட்டா கிங் அவருக்காக வந்து பேசினார். அப்படியும் கறுப்பர்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வாலஸுக்குப் போட்டதாகக் கணிக்கிறார்கள். இறுதிச் சுற்றில் வாலஸ் மயிரிழையில்தான் தப்பினார். இந்த ஓட்டு எனக்கும் வலிக்கிறது. ஆனால் தலைவர்கள் சொன்னதைச் சனங்கள் ஏன் கேட்கவில்லை என்பதைத் தலைவர்கள் அல்லவா முதலில் யோசித்திருக்க வேண்டும்? கிடைத்த பதவிகள் கரிசல் நிலத்தை யாருக்கும் பிரித்துக் கொடுத்துவிடவில்லை. அலபாமாவுக்கு ஒரு கறுப்பு ஆளுநர் இதுவரை வாய்க்கவில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் வங்கியில் கவுண்டரில் உட்கார்கிறவன். முதியோர் பணம் வாங்கக் கைநாட்டு வைக்கும் எங்கள் தெருக் கிழவிகள், நான் எண்ணிக் கொடுத்த நோட்டை என் கண் முன்னாலேயே இரண்டுதரம் எண்ணாமல் நகரமாட்டார்கள். என்னையும் நம்பமாட்டார்கள், மெஷினையும் நம்பமாட்டார்கள். அவ்வளவு கணக்கு வைத்திருக்கிறவள் ஓட்டை மட்டும் எண்ணாமலா போட்டிருப்பாள்? ஊர்க்காரன் வயலில் கூலி, அவன் கிணற்றுத் தண்ணி, போலீஸ் ஸ்டேஷனில் யார் வந்து நிற்பான், நாம் ஜெயிப்போமா, தோற்றால் அடி யாருக்கு என்று எல்லாவற்றையும் எண்ணித்தான் போட்டிருப்பாள். அந்தக் கணக்கில் நம் அமைப்பு எத்தனை ரூபாய்க்குப் பெறும் என்று நாம் கேட்டோமா?

தம்பி, அடுத்த தேர்தலுக்கு இன்னும் நாளிருக்கிறது. ரிசல்ட் வந்த பிறகு சேரியைத் திட்டாதே. இப்போதே போய்த் திண்ணையில் உட்கார். போன தடவை ஏன் அங்கே போட்டீங்க என்று கேள். மறித்துப் பேசாமல் கேட்டுக்கொள். திரும்பி வந்து வட்டத்தில் சொல். நானும் வருகிறேன்.