காய்க்காத மரமும் கோடரியும்



"வேலை செய்யாத அரச ஊழியனை அன்றே வீட்டுக்கு அனுப்பவேண்டும்" என ரொறன்ரோவில் திருப்பலிக்குப் பின் பலர் சொல்லக் கேட்கிறேன். அனுப்பத்தான் வேண்டும், கந்தோரில் முதியவரை நாட்கணக்கில் அலைக்கழிப்பவன் ஏழையின் காலத்தைத் திருடுகிறான். ஆனால், தகுதியின்மையைத் தீர்மானிப்பவர் யார்?

கேகாலைக் கச்சேரியில் பணியாற்றிய கோடீஸ்வரனுக்கு 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது, சிங்களத் தேர்வுக்குத் தோற்றாததால். அவர் வேலையில் எவரும் குறைகாணவில்லை! அரசின்மீது வழக்குத் தொடுக்கும் உரிமையை இலண்டன் பிரிவி கவுன்சில் அவருக்கு உறுதிசெய்ய 1969 ஆயிற்று. 1980 யூலை வேலைநிறுத்தத்திலோ ஏறத்தாழ 40,000 பேர் விசாரணையின்றித் துரத்தப்பட்டனர். இவற்றையெல்லாம் அறிந்த நாமா அவசரப்படுவது?

காய்க்காத அத்திமரத்துக்கே தோட்டக்காரர் ஓராண்டு தவணை கேட்டார். குற்றப்பத்திரமும், பதிலளிக்கத் தவணையும், மேன்முறையீடும் கொடுங்கள். அதன்பின்னும் திருந்தாதவனுக்கு நானே கதவைத் திறந்துவிடுகிறேன்.