நாவின் வாக்கும் ஏட்டின் வாக்கும்

'வாக்கு' என்று நம் மொழியிலே ஒரு சொல் உண்டு. வாயால் உரைப்பதும் வாக்கு. மன்றத்திலே உறுப்பினர் அளிப்பதும் வாக்கு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது மக்களின் எதிர்பார்ப்பு. ஆனால் நாம் காண்பதென்ன? மேடையிலே ஏழைக்காக உருகுவார். உருகி வழிந்த கண்ணீர் காய்வதற்குள் மன்றத்திலே சீமான் பக்கம் போய் நிற்பார். நாவின் வாக்கு வடக்கே. ஏட்டின் வாக்கு தெற்கே!

எது உண்மை? எதை நம்புவது? ஒருவர் "நான் மாறிவிட்டேன்" என்று சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது?

இந்தக் கேள்விகளுக்குப் பாடமாக ஒரு மனிதரை உங்கள் முன் நிறுத்துகிறேன். அவர் அமெரிக்கர். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சார்பிலே செனட் சபையில் 51 ஆண்டுகள் அமர்ந்திருந்த ராபர்ட் பேர்டு. 1959 ஜனவரியில் உள்ளே நுழைந்தார். 2010 ஜூன் 28-ஆம் நாள், 92 வயதிலே, உறுப்பினராகவே மறைந்தார். இடையிலே அவர் அளித்த வாக்குகள் 18,689! அந்தச் சபையிலே பெயரைச் சொல்லி அழைப்பார்கள். 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை சொல்லவேண்டும். சொன்னது ஏட்டிலே ஏறும். ஏறியது அழியாது. ஆகவே பேர்டு யார் என்று பேர்டைக் கேட்கவேண்டியதில்லை. ஏட்டைப் புரட்டினால் போதும். புரட்டுவோம்!

ஏழை வீட்டுப் பிள்ளை அவர். 1917-ல் பிறந்தார். அடுத்த ஆண்டு உலகையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல், அவருடைய தாயையும் கொண்டுபோயிற்று. அத்தை வீட்டிலே வளர்ந்தார். மாமா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பேர்டும் உழைத்துப் பிழைத்தவர்தான். பெட்ரோல் போடும் இடத்திலே வேலை. இறைச்சிக் கடையிலே வேலை. உலகப் போர்க் காலத்திலே கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை.

"ஆகா! நம்மவர்! பாட்டாளியின் பிள்ளை!" என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள் தோழர்களே, பொறுங்கள்!

1940-களிலே இந்தப் பாட்டாளியின் பிள்ளை சேர்ந்த இடம் எது தெரியுமா? கு கிளக்ஸ் கிளான்! முகத்தை வெள்ளை முக்காட்டால் மறைத்துக்கொண்டு, கருப்பரை அச்சுறுத்திய, அடித்த, கொன்ற கூட்டம். அதிலே வெறும் உறுப்பினராக இருந்தாரா? இல்லை. தம் ஊரிலே கிளை அமைத்தார், ஆள் சேர்த்தார், அதன் தலைவருமானார்.

பஞ்சையாகப் பிறந்தவனுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? உனக்கும் கீழே ஒருவன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் போதும், உன்னை மேலேயிருந்து மிதிப்பவனை நீ மறந்துவிடுவாய். சுரங்கத்திலே மூச்சுத் திணறுகிற வெள்ளைத் தொழிலாளியும், அதே சுரங்கத்திலே மூச்சுத் திணறுகிற கருப்புத் தொழிலாளியும் கைகோத்தால் கூலியை உயர்த்தவேண்டிவரும். கைகோக்காதிருக்கத் தோலின் நிறம் பயன்பட்டது. பிறப்பிலே உயர்வு தாழ்வு பேசுகிற பித்தலாட்டத்துக்கு எந்த நாட்டிலும் இதுதான் வேலை!

பேர்டு அரசியலுக்கு வந்தார். செனட் உறுப்பினரும் ஆனார். ஆன பிறகும் படித்தார். இரவிலே சட்டக் கல்லூரி, ஆண்டுக்கணக்காக. 1963 ஜூன் 10-ஆம் நாள் பட்டமளிப்பு விழா. பட்டம் வழங்கியவர் குடியரசுத் தலைவர் கென்னடி. மறுநாள், ஜூன் 11. அதே கென்னடி தொலைக்காட்சியிலே தோன்றி, நிறத்தைக் காட்டி ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்று நாட்டுக்குச் சொன்னார். அந்தச் சட்டத்தைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. நவம்பரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். மசோதா மட்டும் செனட் வாயிலிலே வந்து நின்றது.

செனட் சபையிலே ஒரு சூழ்ச்சி முறை உண்டு. மசோதாவை வாக்கெடுப்பிலே வெல்ல முடியாதவர்கள், எழுந்து பேசத் தொடங்குவார்கள். பேசுவார்கள், பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். பேச்சு முடிந்தால்தானே வாக்கெடுப்பு! தென்மாநில உறுப்பினர்கள் 1964-ல் அப்படித்தான் மாதக்கணக்கிலே மசோதாவின் கழுத்தை நெரித்தார்கள். கடைசியாக, ஜூன் 9 மாலை எழுந்தவர் பேர்டு. விடிய விடியப் பேசினார். 14 மணி 13 நிமிடம்! அரசியல் சட்டத்தைக் காட்டினார். மாநில உரிமை என்றார். அதோடு விட்டாரா? ஆதியாகமத்திலே வருகிற நோவாவின் சாபக் கதையையும் படித்து அவைக் குறிப்பிலே ஏற்றினார். மனிதனை மனிதன் தாழ்த்துவதற்கு ஒரு புராணம்! கடல் கடந்தாலும் கதை ஒன்றுதான், தோழர்களே!

பொழுது விடிந்தது. ஜூன் 10. கென்னடி கையால் சட்டப் பட்டம் வாங்கிச் சரியாக ஓராண்டு. பேச்சை முடித்து அமர்ந்தார் பேர்டு. "பேசியது போதும்" என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. கலிபோர்னியாவின் உறுப்பினர் கிளேர் எங்கிள் மூளைக் கட்டியால் வாடிக் கிடந்தவர். சக்கர நாற்காலியிலே வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயரை அழைத்தார்கள். பேச வாய் எழவில்லை. கையை உயர்த்தித் தம் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்திலே கண்ணுக்கும் 'ஆம்' என்ற வாக்குக்கும் ஒலி ஒன்று. 'ஐ' என்றால் கண். 'ஐ' என்றால் ஆம்! நாவே இல்லாத வாக்கு அது. அடுத்த மாதமே மறைந்தார் அந்த மனிதர்.

14 மணி நேரம் பேசிய நா ஒரு பக்கம். பேச முடியாமல் கண்ணைத் தொட்ட கை ஒரு பக்கம். எது வென்றது? 71-க்கு 29! குடியுரிமை மசோதா ஒன்றில் இத்தகைய தீர்மானம் வென்றது அதுவே முதல் முறை. ஜூன் 19-ல் மசோதா 73-க்கு 27 என்று நிறைவேறியது. அந்த 29-லும் பேர்டு. அந்த 27-லும் பேர்டு.

ஏட்டை மேலும் புரட்டுவோம். 1964 ஆகஸ்ட். வியட்நாம் மீது போர் நடத்தக் குடியரசுத் தலைவருக்கு வழிவிட்ட டோங்கின் தீர்மானம். 88-க்கு 2. எதிர்த்து நின்ற இருவரிலே பேர்டு இல்லை. 1965. கருப்பருக்கு ஓட்டுரிமையை உறுதி செய்யும் சட்டம். பேர்டு: 'இல்லை.' 1967. உச்ச நீதிமன்றத்துக்கு முதல் கருப்பு நீதிபதியாகத் தர்குட் மார்ஷல். பேர்டு: 'இல்லை.' 1968 மார்ச் 29. மார்ட்டின் லூதர் கிங்கைத் தன்னலக் கலகக்காரர் என்று சபையிலே ஏசினார். ஆறாம் நாள், ஏப்ரல் 4, கிங்கின் உடலிலே குண்டு பாய்ந்தது.

இதோடு ஏடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. தள்ளு குப்பையிலே என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஏடு தொடர்கிறது.

1982-ல் பேர்டின் பேரன் சாலை விபத்திலே மாண்டான். அந்தத் துயரிலேதான், கருப்பரும் தம் பேரப்பிள்ளைகளை இப்படித்தானே நேசிப்பார்கள் என்று தமக்கு உறைத்தது என்று பின்னாளிலே அவரே சொன்னார். 60 வயதுக்குமேல் பிறந்த அறிவு! மறு ஆண்டு, 1983. கிங்கின் பிறந்த நாளை நாடு முழுவதும் விடுமுறையாக்கும் மசோதா. எந்தக் கிங்கை ஏசினாரோ அந்தக் கிங்குக்காக, பேர்டு: 'ஆம்.'

1991-ல் கிளாரன்ஸ் தாமஸ் என்ற கருப்பு நீதிபதியின் நியமனம் வந்தது. பேர்டு: 'இல்லை.' பார்த்தீர்களா, பழைய புத்தி போகவில்லை என்பீர்கள். இங்கேதான் ஏட்டோடு பேச்சையும் சேர்த்துப் படிக்கவேண்டும். தாமஸ் தம்மிடம் முறைகேடாக நடந்தார் என்று அனிதா ஹில் என்ற கருப்புப் பெண்மணி சாட்சி சொன்னார். அந்தப் பெண்மணியை நம்புகிறேன் என்று சபையிலே விளக்கித்தான் பேர்டு எதிர்த்தார். 1967-ன் 'இல்லை' வேறு. 1991-ன் 'இல்லை' வேறு. எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதுவதும் பிழை.

"காற்றடிக்கும் பக்கம் சாய்ந்தவர், இதிலே என்ன பெருமை?" என்று கேட்கிற தோழரும் இருப்பார். கேட்கவேண்டிய கேள்வி! 1983-ல் கிங்குக்காக வாக்களித்தவர்கள் 78 பேர். எழுபத்தேழோடு எழுபத்தெட்டாக நிற்க யாருக்கும் துணிவு தேவையில்லை. மேலும், நச்சு முழுவதும் இறங்கிவிட்டதா என்றால் அதுவுமில்லை. 2001-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியிலே பழைய இழிசொல்லை நாவிலே தவறவிட்டார், மன்னிப்புக் கேட்டார். ஆகவே மனமாற்றத்தைச் சோதிக்கும் இடம் வேறு. எங்கே 'ஆம்' என்றால் இலாபமோ அங்கே 'இல்லை' என்கிறாரா? எங்கே நட்டம் காத்திருக்கிறதோ அங்கே கை தூக்குகிறாரா? அதுதான் உரைகல்!

2002 அக்டோபர். ஈராக் மீது படையெடுக்க அன்றைய குடியரசுத் தலைவர் புஷ்ஷுக்கு அதிகாரம் தரும் தீர்மானம். நாடெங்கும் போர் முரசு. எதிர்த்தால் தேசத்துரோகி! பேர்டு எழுந்தார். 1964-ல் டோங்கின் தீர்மானத்துக்கு வாக்களித்தேன், அதற்காக வருந்துகிறேன், அதே பிழையை மீண்டும் செய்யாதீர்கள் என்றார். 77-க்கு 23 என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த 23-ல் பேர்டு! 2003 பிப்ரவரியிலே, போர் வாயிலிலே நிற்கிறது, இந்தச் சபையோ வாய்மூடிக் கிடக்கிறதே என்று அவர் பேசிய பேச்சு உலகெங்கும் கேட்டது. அழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள், தேடினார்கள், கிடைக்கவில்லை. கிழவர் சொன்னது நின்றது.

எப்போதும் சட்டைப்பையிலே அரசியல் சட்டத்தை வைத்திருப்பார் அவர். 1964-ல் எளியோரின் வாசலை அடைக்க அதைக் காட்டினார். 2002-ல் வலியோரின் வாளைத் தடுக்க அதைக் காட்டினார். நூல் ஒன்று, பிடித்த கை மாறியிருந்தது.

இனி, நிலக்கரி. மேற்கு வர்ஜீனியாவிலே கரிதான் சோறு, கரிதான் அரசியல். 1997-ல் புவி வெப்பத்தைத் தடுக்கும் உலக உடன்படிக்கைக்குக் கடிவாளம் போடும் தீர்மானத்தை ஹேகல் என்பவரோடு சேர்ந்து கொண்டுவந்தவரே பேர்டுதான். 95-க்கு 0! அதே பேர்டு 2009 டிசம்பரிலே, 92 வயதிலே, தம் மாநிலத்தாருக்கு எழுதினார்: மாறும் பருவநிலை பற்றிய அறிவியலை மறுப்பது மணலுக்குள் தலையைப் புதைப்பது, உண்மையை எதிர்கொள்ளுங்கள் என்றார். எழுதினால் போதுமா? வாக்கு எங்கே? 2010 ஏப்ரலிலே அவர் மாநிலத்துச் சுரங்கம் வெடித்து 29 தொழிலாளர் மாண்டனர். ஜூனிலே, வெப்பத்தைக் கூட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் அரசு அதிகாரத்தைப் பறிக்க ஒரு தீர்மானம் வந்தது. அவர் மாநிலத்தின் மற்றோர் உறுப்பினர், அவர் கட்சிக்காரர், 'ஆம்' என்றார். பேர்டு: 'இல்லை.' தீர்மானம் 47-க்கு 53 என்று வீழ்ந்தது. நாள் எது தெரியுமா? ஜூன் 10! பதினெட்டு நாள் கழித்து அவர் மறைந்தார்.

அதற்குச் சில மாதம் முன்பு, 2009 டிசம்பர் 24 விடியற்காலை. மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் மசோதா. 60-க்கு 39 என்று வென்றது. ஒவ்வொரு வாக்கும் உயிர். பேர்டைச் சக்கர நாற்காலியிலே தள்ளிக்கொண்டு வந்தார்கள். மறைந்த நண்பர் டெட் கென்னடிக்காக என்று சொல்லி, 'ஆம்' என்றார். எங்கிளைத் தள்ளிவந்த அதே சபை! அன்று அந்த நாற்காலியை எதிர்த்து விடிய விடியப் பேசியவர், இன்று அதே போன்ற நாற்காலியிலே!

தாம் செய்தது தவறு என்று பலமுறை சொன்னார், எழுதினார். அவர் மறைந்தபோது, கருப்பர் உரிமைக்காகப் பாடுபட்ட பெரும் சங்கமே இரங்கல் தெரிவித்தது. மன்னிக்கும் உரிமை அவர்களுடையது. நமக்கு உரியது பாடம்.

முதல் பாடம்: ஏழை வீட்டிலே பிறந்தவர் என்பதற்காக ஒருவரை நம்பாதே; எப்படி வாக்களித்தார் என்று கேள்.

இரண்டாவது: திருந்தியவரை ஏளனம் செய்யாதே, ஆனால் பழைய பக்கத்தைக் கிழித்தெறியவும் விடாதே. அவர் வருந்தினார், வியட்நாமிலே மாண்ட 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கரும், எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கான வியட்நாமியரும் எழுந்து வரவில்லை.

மூன்றாவதே முதன்மையானது. பேர்டின் நெஞ்சம் இளக இருபது ஆண்டு ஆயிற்று. அவர் இளகட்டும் என்று கருப்பு மக்கள் காத்திருந்தார்களா? காத்திருந்தால் 1964-ல் சட்டம் ஏது? 1965-ல் ஓட்டு ஏது? தெருவிலே நின்றார்கள், தடியடி பட்டார்கள், சிறை புகுந்தார்கள், சபையிலே 71 கைகளைத் திரட்டவைத்தார்கள். பேர்டு திருந்தி அந்த உரிமை வரவில்லை. அவரைத் தோற்கடித்து வந்தது! தோற்ற பிறகு அவர் திருந்தினார். நல்லது. மகிழ்வோம். ஆனால் வரிசையை மாற்றிப் படிக்காதீர்கள்!

எதிரியின் மனச்சாட்சி விழிக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவன் ஏமாளி. எண்ணிக்கையைத் திரட்டுபவன் போராளி. திரட்டுங்கள். திரட்டி அனுப்பிய பிறகு தூங்கிவிடாதீர்கள். உங்கள் ஓட்டை வாங்கிச் சென்றவர் திரும்பி வரும்போது மாலை போடுமுன் ஒரு கேள்வி போடுங்கள்:

"ஐயா, தாங்கள் பேசியது கேட்டோம். வாக்கு எங்கே?"