மாப்பிள்ளை படம் எங்கே?

என் தமக்கை மகளுக்குக் கல்யாணம். அச்சடித்த பத்திரிகை போதாதாம். "கைப்பேசியில் பார்க்க ஒரு வலைப்பக்கமும் வேண்டும், மாமா" என்றாள். நானே செய்து தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன், நேயர்களே! வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. ஊர் முழுக்க அனுப்பியபிறகு சம்பந்தியம்மாள் போனில் கூப்பிட்டார். "பொண்ணு படம் இருக்கு, எங்க பிள்ளை படத்தைக் காணோமே?"

எனக்கு வியர்த்துவிட்டது. நடந்தது இதுதான். 2020-ல் இவான் யூ என்பவர் வெளியிட்ட 'வீட்' என்ற கருவியில் வேலை செய்தேன். 'என்பிஎம் ரன் டெவ்' என்று தட்டினால் 5173 என்ற போர்ட்டில் பக்கம் தெரியும். அது மூல ஃபோல்டரிலிருந்தே அவ்வப்போது எடுத்துப் பரிமாறுவது. அங்கே மூலையில் கிடக்கும் படத்தைக்கூடத் தேடிக் கொடுத்துவிடும். 'என்பிஎம் ரன் பில்ட்' என்றால் கதையே வேறு. 'டிஸ்ட்' என்று தனி ஃபோல்டர் உண்டாகும். தேவை என்று கருவிக்குத் தெரிந்தவை மட்டுமே அதற்குள் போகும். பெண்ணின் படத்தை முறைப்படி 'இம்போர்ட்' செய்திருந்தேன், போயிற்று. கடைசி நேரத்தில் வந்த பிள்ளையின் படத்துக்கு வெறும் விலாசத்தை எழுதி வைத்தேன்; பின்தங்கிவிட்டது.

அனுப்புமுன் 'என்பிஎம் ரன் ப்ரிவ்யூ' என்று ஒரே ஒரு வரி தட்டியிருந்தால் மானம் தப்பியிருக்கும். டிஸ்டில் உள்ளதை மட்டும் 4173-ல் காட்டும் கட்டளை அது. சிலர் டிஸ்டுக்குள் இருக்கும் இண்டெக்ஸ் ஃபைலை நேரே டபிள் கிளிக் செய்துவிட்டு, வெள்ளைத் திரையைக் கண்டு பதறுகிறார்கள். பதற வேண்டாம், சர்வர் வழியாக வந்தால்தான் அதன் நிரல்கள் ஓடும்.

ஒன்று, ப்ரிவ்யூ தானாகக் கட்டித் தராது. எதைத் திருத்தினாலும் முதலில் பில்ட், அப்புறம்தான் ப்ரிவ்யூ. இதையே ஊருக்கான சர்வராக வைத்துக்கொள்ளலாம் என்றும் எண்ணாதீர்கள், அதற்காகச் செய்ததல்ல. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பத்தை விண்டோஸ் சாதாரணமாகக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வர் விடாது. அந்தத் தப்பு வீட்டு ப்ரிவ்யூவிலும் அகப்படாது, ஜாக்கிரதை!

படத்தை 'பப்ளிக்' ஃபோல்டரில் போட்டு, விலாசத்தைத் திருத்தி, பில்ட் செய்து, ப்ரிவ்யூவில் இரண்டு தடவை பார்த்தபிறகே ஏற்றினேன். சம்பந்தியம்மாளும் பார்த்தார்.

"பொண்ணு படம் மட்டும் பெரிசா இருக்கே?" என்றார்.